குரங்கும் மயிலும் பெருகும்போது காடு எப்படி வெறுமையாகிறது?

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை 8 மணிக்கு இலங்கை முழுவதும் மக்கள் தங்கள் வளவிலும் தோட்டத்திலும் நின்று, ஐந்து நிமிடம் விலங்குகளை எண்ணினார்கள். பயிரை நாசமாக்கும் விலங்குகள் எத்தனை என்று அறிய அரசு நடத்திய கணக்கெடுப்பு அது. வெளியான முடிவில் குரங்குகள் 50 இலட்சத்துக்கு மேல், மயில்கள் 40 இலட்சத்துக்கு மேல் என்று இருந்தது. மர அணிலும் மந்தியும் இலட்சக்கணக்கில்.

இதே நாட்டைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. உலகில் அடியோடு அழிந்துவிட்டதாகப் பட்டியலிடப்பட்டுள்ள தவளை வகைகளில் ஏறக்குறைய பாதி இலங்கையைச் சேர்ந்தவை. காடு அழிகிறது, வனவிலங்கு அருகிவருகிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கொழும்புப் பக்கத்து மாலபேயிலும் ஹோமாகமவிலும் இருப்பவர்களோ, முன்பு கேட்காத மயில் அகவலைக் காலையில் கேட்கிறார்கள். விலங்கு கூடுகிறதா, குறைகிறதா?

இரண்டும் நடக்கிறது. காடு குறையும்போது அதிலுள்ள உயிர்கள் எல்லாம் ஒரே அளவில் குறைவதில்லை. சில வகைகள் போகின்றன, வேறு சில வகைகள் அந்த இடத்துக்கு வருகின்றன. தலையை மட்டும் எண்ணினால் இந்த ஆள்மாற்றம் கண்ணில் படாது.

## காடு என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து நிலைகள்

செய்தியில் "காடு" என்று வரும்போது அது எந்தக் காடு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வெப்பமண்டல நிலங்களைப் பொதுவாக இப்படி வகுக்கலாம்:

1. தொடாத காடு. கோடரி படாதது, அல்லது பட்டு நூற்றாண்டுகள் ஆனது. உயர்ந்த விதானம், அதன் கீழே இரண்டு மூன்று அடுக்கு, தரையில் இருட்டும் ஈரமும்.
2. தெரிந்து வெட்டிய காடு. விலைபோகும் பெருமரங்களை மட்டும் தேர்ந்து வெட்டி, மற்றதை விட்ட காடு.
3. மீண்டெழும் காடு. முழுதாக அழித்த நிலத்தில், சேனைப் பயிர் செய்து கைவிட்ட இடத்தில், தானாக வளர்ந்தது.
4. மேலே மரம், கீழே பயிர். நக்கிள்ஸ் மலையில் காட்டு நிழலில் வளர்த்த ஏலம், கண்டிப் பக்கத்துப் பலமரத் தோட்டங்கள்.
5. ஒற்றைப் பயிர். தேயிலை, இறப்பர், முள்ளுத்தேங்காய் எனப்படும் செம்பனை. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான்.

விலங்குகளையும் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். முதலாவது கூட்டம் காட்டை நம்பி வாழ்பவை. அவற்றுக்கு அந்த இருட்டு, அந்த ஈரம், அந்த மரப்பொந்து இல்லாமல் முடியாது. மற்றது எங்கும் பிழைப்பவை. பழம், நெல், குப்பை என்று எது கிடைத்தாலும் தின்று, வெளிச்சத்திலும் வெட்டையிலும் நடமாடும். காடு முதலாவது நிலையிலிருந்து ஐந்தாவது நிலைக்கு இறங்க இறங்க முதற் கூட்டம் சுருங்கி இரண்டாவது பெருகும்.

## பெருமரம் ஒன்று விழுந்தால்

ஈர வலயக் காட்டில் புதர்த் தவளைகள் என்றொரு கூட்டம் இருக்கிறது. பல வகைகள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. மற்றத் தவளைகள்போல இவை குளத்தில் முட்டையிடுவதில்லை. இவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது. தாய் தரைச் சருகை விலக்கி மண்ணில் சிறு குழி பறித்து முட்டையிடும். சில வகைகள் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டவைக்கும். முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும்.

அந்த முட்டைக்குக் குளம் தேவையில்லை. ஆனால் சுற்றியுள்ள காற்றும் மண்ணும் நாள் முழுக்க ஈரமாக இருந்தாக வேண்டும். மேலே நிற்கும் ஒரு ஹொர மரமோ கீன மரமோ விழுந்தால் அந்த இடத்தில் வெயில் நேரே தரையில் படுகிறது. சருகு காய்கிறது, முட்டையும் காய்கிறது. மரம் வெட்டியவர் தவளையைத் தொடவே இல்லை. அவர் எடுத்தது நிழலை மட்டும்.

மரம் வெட்டுவதால் விலங்குக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை இப்படிச் சுற்றி வருபவைதான்:

1. நிழலும் ஈரமும் போதல். மேலே சொன்னது. தவளைக்கு மட்டுமல்ல, அட்டை, நத்தை, சருகுப் பூச்சி, அவற்றைத் தின்னும் தரைப் பறவை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.
2. பொந்து போதல். இருவாய்ச்சிப் பறவையின் பெட்டை முட்டையிடும்போது மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் இடைவெளியில் ஆண் இரை கொடுக்கும். அந்த அளவு பொந்து பல்லாண்டு நின்ற தடித்த மரத்தில்தான் உண்டாகும். மரம் வெட்டுபவர் தேடுவதும் அந்தத் தடித்த மரத்தைத்தான்.
3. கிளைப்பாதை அறுதல். தேவாங்கு தரையில் இறங்க விரும்பாது. கிளையோடு கிளை தொட்டால்தான் அதற்குப் போக்குவரத்து. விதானத்தில் விழும் ஒரு வெளி அதற்கு ஆறு மாதிரி.
4. கூடவே சாயும் மரங்கள். கொடிகள் மரங்களைப் பிணைத்திருப்பதால் ஒன்று விழும்போது பக்கத்து மரங்களையும் இழுக்கும். கொடியை முன்கூட்டியே அறுத்து, விழும் திசையைக் கணித்து வெட்டினால் இந்தச் சேதத்தை நன்றாகக் குறைக்கலாம்.
5. பாதை. மரத்தை வெளியே எடுக்க வண்டிப்பாதை வேண்டும். மரம் ஏற்றி முடிந்த பிறகும் அந்தப் பாதை இருக்கும். அதன் வழியே துப்பாக்கி வரும், சுருக்கு வரும், அப்புறம் குடியேற்றமும் வரும்.

இவற்றில் ஐந்தாவதுதான் உலகளவில் மிகக் கொடியது. மத்திய ஆபிரிக்காவில் 2002க்கும் 2011க்கும் இடையில் காட்டு யானைகள் 60 வீதமளவு குறைந்தன. தந்தத்துக்கான வேட்டையே காரணம். வேட்டைக்காரரை உள்ளே கொண்டுபோனதில் மரம் வெட்டப் போட்ட பாதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மரங்கள் நிற்க, விலங்கு இல்லாமற்போன காட்டுக்கு 1992இல் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் "வெற்றுக் காடு" என்று பெயர் வைத்தார்.

## சிங்கராஜவில் நடந்தது

1970களின் தொடக்கத்தில் சிங்கராஜவின் மேற்குப் பகுதியில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கமாகப் போகும்போது வரும் கொஸ்கமவில் அமைத்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு அந்த மரம் போனது. அறிவியலாளரும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்ததால் 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமைத் தலமானது.

இன்று குடாவ வழியாகச் சிங்கராஜவுக்குப் போகிறவர்கள் நடப்பது அன்று மரம் ஏற்றிய பாதையில்தான். பறவை பார்க்க வருபவர்களுக்கு அதுவே பேர்பெற்ற இடமும்கூட. அங்கே "பறவை அலை" என்று சொல்லத்தக்க ஒன்று நடக்கும். காடு நெடுநேரம் ஓசையின்றி இருக்கும். திடீரெனச் செம்மஞ்சள் சொண்டுத் தவிட்டுக்குருவிகள் கிசுகிசுத்தபடி வரும், கூடவே கரிச்சான், பின்னால் பலவகைப் பறவைகள். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் 11 வகை, 40 பறவைகள் இருக்கும். பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடன் சேர்ந்தவர்களும் 1981 முதல் பல்லாண்டுகள் இந்தக் கூட்டங்களைப் பதிவு செய்தார்கள். கரிச்சான் மற்றப் பறவைகளின் அபாயக் குரலைப் போலக் கத்திக் கூட்டத்தைச் சேர்த்து வைக்கும் என்பது அங்கேதான் ஆவணமானது.

சரி, மரம் வெட்டிய பாதையில் இத்தனை பறவை என்றால் வெட்டியதால் கெடுதியே இல்லையா? அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. வெட்டு சில ஆண்டுகளில் நின்றது. பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் தொடாத காடு இருந்தது. விதையும் பறவையும் அங்கிருந்து வந்தன. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை வேறு.

## வெட்டுவது ஒரு காயம், பயிரிடுவது ஆளையே மாற்றுவது

உலகின் பல இடங்களில் சேர்ந்த தரவுகள் இதையே காட்டுகின்றன. ஒருமுறை தெரிந்து வெட்டிய வெப்பமண்டலக் காடுகளில் பாலூட்டி, பறவை, பூச்சி, தாவரம் ஆகியவற்றில் 85 முதல் 100 வீதமான வகைகள் எஞ்சியிருந்ததாக 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது. போர்ணியோத் தீவின் சபா மாநிலத்தில் இரண்டு தடவை வெட்டிய காட்டில்கூட, தொடாத காட்டின் பறவை வகைகளிலும் சாணவண்டு வகைகளிலும் 75 வீதத்துக்கு மேல் இருந்தன. முள்ளுத்தேங்காய்த் தோட்டத்துக்கு வந்தால் காட்டு வகைகளில் 15 வீதமளவே மிஞ்சுகின்றன.

இடையில் ஒரு வியப்பான தகவலும் இருக்கிறது. சபாவில் செய்து 2022இல் வெளியான ஆய்வில், வெட்டிய காட்டின் பறவைகளும் பாலூட்டிகளும் உண்ணும் உணவின் மொத்த ஆற்றல், தொடாத காட்டைப்போல 2.5 மடங்காக இருந்தது. காரணம் எளிது. வெளிச்சம் பட்ட இடத்தில் இளந்தளிரும் பழமும் தாழ்வாக, ஏராளமாகக் கிடைக்கும். அதைத் தின்னத் தெரிந்தவை கொழிக்கும். இலங்கையின் உலர் வலயத்தில் கைவிட்ட சேனை நிலத்துக்கு யானைகள் வருவதும் இதனால்தான். அடர்ந்த காட்டைவிட மீண்டெழும் புதரில் யானைக்குத் தீனி அதிகம். காட்டுக்கு வேலி போட்டு யானையை உள்ளே அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற திட்டங்கள் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் யானை-மனித மோதலில் செத்திருக்கிறார்கள்.

மலைநாட்டில் நடந்தது காயம் என்ற அளவைத் தாண்டியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோப்பிக்காக மலைக்காட்டை எரித்து அழித்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி சரிய, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிவைத்த தேயிலை அந்த நிலத்தையும் அதற்கு மேலேயுள்ள காட்டையும் எடுத்துக்கொண்டது. காட்டை வெட்டியதும், கன்று நட்டதும், கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்களின் கைகள். முடிவெடுத்தது அவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டில் 80 வீதத்துக்கு மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் காடு 1956இல் 44 வீதம் ஆனது. இன்று 30 வீதத்தை ஒட்டி நிற்கிறது.

தேயிலை மலையில் விலங்கே இல்லை என்பதும் சரியல்ல. சிறுத்தை வரும், காட்டுப்பன்றி வரும். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் சுருக்கில் சிக்கிச் செத்த கருஞ்சிறுத்தையின் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். இடையிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் ஒளிந்து, தோட்டத்தைக் குறுக்கே கடந்து போகும் விலங்கு அது. கடக்கும் இடத்தில்தான் சுருக்கு.

நான்காம் வகையான ஏலக்காடு கண்ணை ஏமாற்றக் கூடியது. நக்கிள்ஸில் ஏலம் வளர்க்க, பெருமரங்களை விட்டுவிட்டுக் கீழே உள்ள செடிகொடியை மட்டும் வழித்தெடுத்தார்கள். மேலிருந்து பார்த்தால் முழுக் காடு. கீழே மரக்கன்று ஒன்றுமே இல்லை. பெரிய மரம் விழும்போது அதன் இடத்துக்கு வர வாரிசு இருக்காது. செய்மதிப் படத்தில் காடாகத் தெரிவதெல்லாம் காடு என்று நம்புவதற்கு முன் இந்த ஏலக்காட்டை நினைத்துக்கொள்வது நல்லது.

## துண்டாடலும் தாமதமாக வரும் சாவும்

மிஞ்சிய காடு எவ்வளவு என்பதோடு, அது ஒரே பரப்பாக இருக்கிறதா துண்டுதுண்டாக இருக்கிறதா என்பதும் முக்கியம். 1979இல் தோமஸ் லவ்ஜோய் என்ற அமெரிக்க உயிரியலாளர் பிரேசிலின் மனௌஸ் அருகே ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். பண்ணைக்காகக் காடு அழிக்கப்படும் இடத்தில் 1, 10, 100 ஹெக்டேயர் அளவில் துண்டுகளை விட்டுவைத்து, என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். அங்கே 100 ஹெக்டேயர் துண்டுகள்கூட 15 ஆண்டுகளுக்குள் உட்காட்டுப் பறவை வகைகளில் பாதியை இழந்தன. ஓரத்தில் வெப்பக் காற்று புகும், பெருமரங்கள் காற்றில் சாயும், ஓரம் உள்நோக்கி நகரும்.

இங்கே கவனிக்க வேண்டியது கால இடைவெளி. துண்டாடிய மறுநாள் எல்லா வகைகளும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றாகப் போக ஆண்டுகள் எடுக்கும். ஆய்வாளர்கள் இதை அழிவுக் கடன் என்கிறார்கள். இலங்கையின் ஈர வலயத்தில், மக்கள் மிக நெருக்கமாக வாழும் பகுதியில், நம் நாட்டுக்கே உரிய உயிரினங்களில் பெரும்பங்கு சிறு சிறு துண்டுகளில் அடைபட்டிருக்கிறது. அந்தக் கடனின் பெரும்பகுதி இன்னும் வசூலாகவில்லை.

கொழும்பில் இருப்பவர்கள் இதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிலியந்தலை, கடுவலைப் பக்கத்து வளவுகளில் கலு வந்துரா என்று சிங்களத்தில் சொல்லும் ஊதாமுக மந்தியின் மேற்குக் கிளையினம் வாழ்கிறது. உலகில் மிக ஆபத்தான நிலையிலுள்ள குரங்கினங்களின் பட்டியலில் பல முறை இடம்பெற்றது அது. இலையைத் தின்று வாழ ஏற்ற வயிறு அதற்கு. காடு போனதால் வளவின் பலா, மாங்காய், றம்புட்டானை நம்புகிறது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவ இடையில் கிளை இல்லை. கூரை இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது. கம்பியைப் பிடித்தால் அதோடு சரி. நம் வளவில் நிற்கும் மந்தியைப் பார்த்து "பெருகிவிட்டது" என்று நினைக்கிறோம். வேறு போக்கிடம் இல்லாததால்தான் அது நம் கண்முன் நிற்கிறது.

## கணக்கெடுப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

1. எண்ணியது வளவிலும் பயிர்நிலத்திலும். காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அது பதில் ஆகாது.
2. எண்ணிய விலங்குகள் மனிதர் திருத்திய நிலத்துக்கு வந்துபோகப் பழகியவை. மயில் மழைக்காட்டுப் பறவையே இல்லை. உலர் வலயத்துப் புதரும் வெட்டையும் அதன் இடம். ஈர வலயத்தில் மயில் பரவுவது, ஈர வலயம் திறந்துபோய்விட்டது என்பதற்கான அடையாளம்.
3. ரிலவாக் குரங்கு இலங்கைக்கு வெளியே எங்கும் இயற்கையில் இல்லாத இனம். அது தோட்டத்தில் தொல்லையாகவும் உலகப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. 2023இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தபோது வந்த சண்டையில் விவசாயிகள் பக்கமும் விலங்கு ஆர்வலர் பக்கமும் பேசியது உண்மைதான். அவர்கள் பேசியது வெவ்வேறு உண்மை.

விவசாயியின் இழப்பைச் சின்னதாக்க இதைச் சொல்லவில்லை. ஒரே காலையில் தென்னையின் குரும்பட்டி முழுவதும் தரையில் கிடப்பதைப் பார்த்தவருக்கு அது வயிற்றிலடி. அந்த இழப்புக்கு நட்டஈடும் காவலும் வேண்டும். ஆனால் விலங்கைக் குறைத்தால் போதும் என்று காட்டோரத்தை மேலும் திறந்தால், எங்கும் பிழைப்பவைக்கு இன்னும் இடம் கொடுத்ததாகவே முடியும்.

## கொழும்பின் பங்கு

1990இல் இலங்கை இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. நாட்டின் மரத் தேவையில் பெரும்பங்கு இன்று வீட்டுத் தோட்டம், இறப்பர், தேக்கு நடுகை ஆகியவற்றிலிருந்து வருகிறது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மிச்சம் இறக்குமதி. கொழும்பில் கூரைக்குப் பயன்படும் கெம்பஸ் மரம் மலேசியாப் பக்கத்துக் காட்டில் வளர்ந்தது. நம் காட்டில் வெட்டுவதை நிறுத்தியதன் ஒரு பகுதிச் சுமை அங்கே போயிருக்கிறது. மரம் வாங்கும்போது அது எங்கே, எப்படி வெட்டியது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை.

இனி நிலம். 2020இல் "ஏனைய அரச காடுகள்" எனப்படும் எஞ்சிய காடுகள் பற்றிய 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை மாற்றி, அவற்றைப் பயிர்ச்செய்கைக்குக் கொடுக்க வழி திறந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. பலருக்கு அது புரியவில்லை. பெயரில்லாத, சரணாலயமும் அல்லாத சிறு காடுதானே என்று கேட்டார்கள். பெரிய காடுகளுக்கு இடையே விலங்கு கடந்துபோகும் படிக்கல் அந்தச் சிறு காடுகளே. 2021 ஏப்ரலில் முள்ளுத்தேங்காய் புதிதாக நடுவதை நிறுத்திய முடிவை இதோடு சேர்த்துப் பார்த்தால், ஒரே காலத்தில் ஒரு கை காட்டைத் தாங்கியதும் மறு கை விட்டதும் தெரியும்.

தண்ணீரும் இருக்கிறது. 1880களில் கொழும்புக்குக் குடிநீர் கொடுக்க லபுகம நீர்த்தேக்கம் கட்டினார்கள், பின்னர் கலட்டுவாவ. அந்த நீரைத் தாங்கும் ஏந்துபகுதி, தலைநகருக்கு மிக அருகில் மிஞ்சிய தாழ்நில மழைக்காடுகளில் ஒன்று. தண்ணீருக்காகக் காவலிட்டது, காட்டுயிருக்கும் அடைக்கலமானது.

## திரும்ப வருமா?

ஹொர, தூன் போன்ற பெருமரங்களின் விதையை நெல்போல மூட்டை கட்டி வைக்க முடியாது. விழுந்த சில நாள்களில் முளைக்கும், இல்லையேல் சாகும். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும் விதைச் சேமிப்பு அவற்றுக்கு இல்லை. பெரும்பாலும் தாய்மரத்தைச் சுற்றியே விழும். அழித்த நிலத்தில் தானாக வருவது கெக்கில்லப் பன்னம். அது தரையை மூடிவிட்டால் மரக்கன்று தலையெடுப்பது மிகக் கடினம்.

சிங்கராஜவின் ஓரத்தில் அப்படிப் பன்னம் மூடிய நிலத்தில் 1970களின் இறுதியிலிருந்து பைனஸ் நட்டார்கள். பைனஸ் என்றாலே மண்ணை வறளவைக்கும் மரம் என்று ஊரில் திட்டுவார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சவித்திரி குணதிலக்க தம்பதியரும் மார்க் ஆஷ்டனும் அந்தப் பைனஸையே குடையாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பன்னத்தை அது நிழலால் அடக்கியிருந்தது. இடையில் சில வரிசைகளை அகற்றி, காட்டின் பெருமரக் கன்றுகளை நட்டார்கள். முழு நிழலில் கன்று ஏங்கி நின்றது. மூன்று வரிசை அகற்றிய இடைவெளியில் நன்றாக எழுந்தது.

அந்தக் கன்றுகளுக்கு விதை கொடுக்கத் தாய்மரங்கள் நின்ற காடு பக்கத்திலேயே இருந்தது.